முப்பது நாள் ஆங்கிலமும் தொலைந்துபோன 'ங்க'வும்

'முப்பது நாளில் ஆங்கிலம்', 'தமிழ் மூலம் ஆங்கிலம்', 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' என்றெல்லாம் பெயர் போட்டு வரும் புத்தகங்களுக்கு யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. ஒரு கவிதைத் தொகுப்பு முந்நூறு பிரதி விற்றாலும் நாலு மதிப்புரை வந்துவிடும். பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் தொங்கும் இந்தப் புத்தகங்களோ தலைமுறை தலைமுறையாக விற்கின்றன. வாங்குகிறவர்கள் வேலைக்கு நேர்முகத் தேர்வு வைத்திருப்பவர்கள், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் பேசப் பயப்படும் அம்மாக்கள், வளைகுடாவுக்குப் போகக் காத்திருப்பவர்கள். இவ்வளவு நம்பிக்கையோடு வாசிக்கப்படும் எழுத்து தமிழில் வேறு என்ன இருக்கிறது? அதனால்தான் இவற்றை ஒரு முறையாவது ஒழுங்காக விமர்சிக்க வேண்டும் என்று தோன்றியது.

கொஞ்ச நாளாக இவற்றைச் சேர்த்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் வாங்கியவை சில, உறவினர் வீட்டுப் பரணிலிருந்து வந்தவை சில. எதையும் தனியாகப் பெயர் சொல்லித் திட்டப்போவதில்லை. அட்டையைக் கிழித்துவிட்டால் எது எந்தப் புத்தகம் என்று கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவு ஒற்றுமை. என் புகார் ஒன்றுதான். ஆங்கிலத்தை இவை பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கின்றன. ஆனால் 'தமிழ் மூலம்' என்று அட்டையில் போட்டுவிட்டு, உள்ளே தமிழை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்கான விலையைக் கொடுப்பவர் படிக்கிறவர்.

ஒரு குறிப்பு: ஆங்கில வாக்கியங்களை அந்தப் புத்தகங்களைப் போலவே நானும் தமிழ் எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் சுலபமாக இருக்கும்.

ரென் அண்ட் மார்ட்டினின் பேரப்பிள்ளைகள்

எல்லாப் புத்தகங்களுக்கும் ஒரே எலும்புக்கூடு. முதலில் எழுத்துகள், பிறகு ஐ, வீ, யூ, ஹி, ஷி. அப்புறம் ஆம், இஸ், ஆர். பிறகு பன்னிரண்டு காலங்களின் பெரிய அட்டவணை. கோ, வென்ட், கான் என்று மூன்று மூன்றாக நூறு இருநூறு வினைச்சொற்கள். பின்னால் 'உரையாடல்கள்': தபால் நிலையத்தில், ரயில் நிலையத்தில், மருத்துவரிடம், நண்பனைச் சந்தித்தல். கடைசியில் காய்ச்சலுக்கு விடுப்பு விண்ணப்பம். இந்த வகையில் நாடு முழுக்கப் பெயர் வாங்கியது டெல்லி புஸ்தக் மஹாலின் ராபிடெக்ஸ். கபில்தேவ் விளம்பரத்தில் வருவாரே, அதேதான். தமிழில் முப்பது நாள் என்றதும் நினைவுக்கு வருவது சென்னை பாலாஜி பப்ளிகேஷன்ஸின் வரிசை.

இந்த எலும்புக்கூடு எங்கிருந்து வந்தது என்று பின்னால் போனால் ரென் அண்ட் மார்ட்டின் வரை போகிறது. 1930களில் வந்த புத்தகம். பி. சி. ரென் பம்பாய்ப் பக்கம் கல்வித்துறையில் வேலை பார்த்தவர். பிரெஞ்சு அந்நியப் படையை வைத்து 1924இல் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை எழுதிப் புகழ்பெற்றவரும் இவரேதான். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகளின் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட இலக்கணம் அது. இன்னும் பின்னால் போனால் 1795இல் லிண்ட்லி மர்ரே எழுதிய ஆங்கில இலக்கணம். அது இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்காக எழுதப்பட்டது. அதற்கும் பின்னால் லத்தீன் இலக்கண அட்டவணைகள்.

ரென் அண்ட் மார்ட்டினை முதலில் படித்த பிள்ளைகளுக்கும், மர்ரேயின் மாணவிகளுக்கும் ஏற்கெனவே ஆங்கிலம் பேசத் தெரியும். வாயில் இருப்பதற்குப் பெயர் சொல்லித் தரவும், எழுதும்போது பிழை வராமல் காக்கவும்தான் அவர்களுக்கு இலக்கணம். நமக்கு நன்னூல் மாதிரி. நன்னூல் படித்து யாரும் தமிழ் பேசக் கற்றுக்கொண்டதில்லை. பேசத் தெரிந்தவர்கள்தான் நன்னூல் படித்தார்கள். பேசவே தெரியாதவருக்கு அந்த வகைப் புத்தகத்தைச் சுருக்கித் தமிழில் பெயர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும்? பன்னிரண்டு காலங்களையும் ஒப்பிப்பார். ரிசப்ஷனில் உட்கார வைத்தால் வாய் திறக்க மாட்டார். நம் ஊரில் இது எத்தனை பேருக்கு நடந்திருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எந்தத் தமிழ் மூலம்?

உரையாடல் பகுதியைப் பாருங்கள். இடது பக்கம் 'தாங்கள் எங்கே செல்கிறீர்கள்?' என்று இருக்கும். வலது பக்கம் 'வேர் ஆர் யூ கோயிங்?'. 'தாங்கள் எங்கே செல்கிறீர்கள்' என்று வில்லியனூர் பஸ்ஸில் யாராவது கேட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நாம் கேட்பது 'எங்க போறீங்க?'. சில சமயம் 'எங்க, தூரமா?'. பேச்சு ஆங்கிலம் கற்றுத்தர வந்த புத்தகம், அதற்கு நேராக மேடைத் தமிழை வைக்கிறது. படிக்கிறவர் மனதில் ஓடும் பேச்சுத் தமிழை முதலில் எழுத்துத் தமிழாக மாற்ற வேண்டும், பிறகு அதை ஆங்கிலமாக்க வேண்டும். இரண்டு தடவை மொழிபெயர்ப்பு. எதிரில் நிற்பவர் அதற்குள் போய்விடுவார்.

இதில் வேடிக்கை, இந்த வித்தியாசத்தை முந்நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு இத்தாலியர் புரிந்துகொண்டிருந்தார். வீரமாமுனிவர் என்று நாம் அழைக்கும் பெஸ்கி பாதிரியார், செந்தமிழுக்கு ஒரு இலக்கணமும் அன்றாட வழக்கான கொடுந்தமிழுக்குத் தனியாக ஒரு இலக்கணமும் லத்தீனில் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. அச்சிட்டவர்கள் அவருக்குப் போட்டியான லுத்தரன் மிஷன்காரர்கள். அவ்வளவு தேவை இருந்திருக்கிறது. ஊருக்குள் போய் மக்களிடம் பேச வேண்டிய பாதிரியாருக்குக் காப்பியத் தமிழ் மட்டும் போதாது என்பது பெஸ்கிக்குத் தெரிந்திருந்தது.

நம் பக்கமே இன்னொருவர்: காரைக்காலில் வளர்ந்த ஜூலியன் வின்சோன், 1903இல் பாரிஸில் பிரெஞ்சுக்காரர்களுக்காக ஒரு தமிழ்க் கையேடு வெளியிட்டார். தமிழ் படிக்க வந்த வெளியூர்க்காரர்களுக்குத் தங்கள் மொழிக்கும் தமிழுக்கும் நடுவில் எங்கே கால் இடறும் என்பதுதான் முதல் கேள்வி. நாம் வெளிமொழி படிக்கப் போகும்போது மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

'ங்க' எங்கே போச்சு?

எனக்குத் தெரிந்த ஒரு பெண், தமிழ்வழியில் படித்தவர், ஒயிட் டவுனில் ஒரு சின்ன விடுதியில் வரவேற்பில் வேலை பார்க்கிறார். வீட்டிலும் தெருவிலும் அவரைப் போல மரியாதையாகப் பேசும் ஆளைப் பார்ப்பது கஷ்டம். விடுதியில் தங்கிவிட்டுப் போன ஒருவர், வரவேற்பில் இருந்தவர் உத்தரவு போடுகிற மாதிரி பேசினார் என்று இணையத்தில் குறை எழுதிவிட்டார். முதலாளி கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். "நான் என்னண்ணா தப்பா சொன்னேன்? புக்குல இருக்கிற மாதிரிதான் சொன்னேன்" என்றார் என்னிடம்.

சொன்னது இவ்வளவுதான்: 'வெயிட்'. 'கிவ் பாஸ்போர்ட்'. 'ஸைன் ஹியர்'. 'வாட் யூ வான்ட்?'

இவற்றுக்குப் பின்னால் அவர் மனதில் இருந்த தமிழைப் பாருங்கள்: 'கொஞ்சம் வெயிட் பண்ணுங்க'. 'பாஸ்போர்ட் குடுங்க'. 'இங்க ஒரு கையெழுத்து போடுங்க'. 'என்னங்க வேணும்?' நாலும் நல்ல, மரியாதையான தமிழ். 'ங்க' எல்லா இடத்திலும் இருக்கிறது. 'கொஞ்சம்' என்பது இங்கே அளவு இல்லை, கேட்பதை மென்மையாக்கும் சொல். 'ஒரு கையெழுத்து' என்பதில் 'ஒரு' எண்ணிக்கை இல்லை, அதுவும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆங்கிலத்துக்கு மாற்றும்போது இந்த மூன்றும் கழன்று விழுந்துவிட்டன. மிஞ்சியது வெறும் கட்டளை.

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் 'ங்க' பற்றி ஒரு வரி இல்லை. 'யூ' என்பதற்கு நேராக 'நீ, நீங்கள்' என்று காற்புள்ளி போட்டு எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகின்றன. தமிழனுக்கு வாயைத் திறந்ததும் முதலில் எழும் கேள்வி, எதிரில் இருப்பவர் நீயா, நீங்களா என்பது. அந்தக் கேள்விக்கு ஒரு காற்புள்ளிதான் பதில். மரியாதைக்கென்று 'ப்ளீஸ், தேங்க்யூ, ஸாரி' என்று ஒரு பெட்டிச் செய்தி தனியாக இருக்கும். 'கிவ் பாஸ்போர்ட் ப்ளீஸ்' என்று சொன்னால் கொஞ்சம் தேவலை. ஆனாலும் அது கட்டளைதான்.

ஆங்கிலம் மரியாதையை வினைமுற்றின் வாலில் வைப்பதில்லை. வாக்கியத்தைக் கேள்வியாக மாற்றுகிறது, கேனை குட் ஆக்கி ஒரு படி பின்னால் தள்ளுகிறது. 'குட் யூ ஸைன் ஹியர், ப்ளீஸ்?' 'கேன் ஐ ஸீ யுவர் பாஸ்போர்ட், ப்ளீஸ்?' புத்தகம் இதைச் சொன்னாலும் 'கேன் என்றால் முடியும், குட் என்றால் முடிந்தது' என்றுதான் சொல்லும். அதைப் படித்தவருக்கு 'குட் யூ ஸைன்' என்பது 'கையெழுத்துப் போட முடிந்ததா' என்றுதானே கேட்கும்?

சுவாரசியம் இனிமேல்தான். கேள்வியாக மாற்றி மரியாதை காட்டும் இந்த வித்தை தமிழிலேயே இருக்கிறது. பஸ்ஸில் 'கொஞ்சம் நகர்றீங்களா?' என்கிறோம். அது நகர்வதைப் பற்றிய தகவல் கேள்வி இல்லை, வேண்டுகோள். 'குட் யூ மூவ் எ லிட்டில்?' என்பது அச்சு அசலாக அதுதான். 'உள்ள வரலாமா?' என்பது 'மே ஐ கம் இன்?'. 'நான் அப்புறம் கூப்பிடட்டுமா?' என்பது 'ஷல் ஐ கால் யூ லேட்டர்?'. 'போலாமா?' என்பது 'ஷல் வீ கோ?'. றீங்களா, லாமா, ட்டுமா என்ற மூன்று வால்களைப் பிடித்துக்கொண்டால் ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்பதில் பாதிக்கு மேல் கைக்கு வந்துவிடும். அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: இங்கிலீஷ் பேசுவதற்கு முன்னால் தமிழிலேயே 'குடுங்க'வை 'பாக்கலாமா' என்றும், 'போடுங்க'வை 'போடுறீங்களா' என்றும் மாற்றிக்கொள். அதற்குப் பிறகு மொழிபெயர். இதைச் சொல்ல மொழியியல் பட்டம் வேண்டாம். தமிழைத் திரும்பிப் பார்த்தால் போதும்.

புதுச்சேரியில் இந்தத் தொலைப்புக்கு ஒரு வரலாறும் உண்டு. 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் கை மாறும் வரை இங்கே படித்தவர்களின் அந்நிய மொழி பிரெஞ்சு. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் வந்தது. பிரெஞ்சில் 'ங்க'வை வைக்க ஒரு இடம் இருக்கிறது: நீக்கு 'த்யூ', நீங்களுக்கு 'வூ'. தயவுசெய்து என்று சொல்லும் 'ஸில் வூ ப்ளே'யின் நடுவிலேயே அந்த 'நீங்கள்' உட்கார்ந்திருக்கிறது. தமிழிலிருந்து பிரெஞ்சுக்குப் போனவருக்கு மரியாதையை மூட்டை கட்டி எடுத்துப்போக முடிந்தது. ஆங்கிலத்துக்கு வந்ததும் அதை வைக்க இடம் இல்லை. ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் இருந்தது. 'தௌ' என்றால் நீ, 'யூ' என்றால் நீங்கள். காலப்போக்கில் வழக்கொழிந்தது நீங்கள் இல்லை, நீ. இன்றைக்கு ஆங்கிலேயர் நாய்க்குட்டியைக்கூட 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுகிறார் என்று சொன்னால் நம்மவர்களுக்கு 'யூ' மேல் உள்ள பயம் கொஞ்சம் குறையும்.

பன்னிரண்டு காலமும் ஒரு 'போயிருந்தேன்'னும்

இந்தப் புத்தகங்களின் பெருமையே பன்னிரண்டு காலங்களின் அட்டவணைதான். ஆங்கிலப் பக்கம் ஒழுங்காக நிற்கும். தமிழ்ப் பக்கம்தான் பாவம், பன்னிரண்டு கட்டத்தையும் நிரப்ப உடம்பை முறுக்குகிறது. ஃப்யூச்சர் பெர்ஃபெக்ட் கன்டினியூஅஸ் என்ற கட்டத்தில் 'நான் எழுதிக்கொண்டே இருந்திருப்பேன்' என்று இருக்கும். இந்தத் தமிழுக்கு என்ன அர்த்தம்? கரண்டு போகாமல் இருந்திருந்தால் எழுதிக்கொண்டே இருந்திருப்பேன் என்று நடக்காத ஒன்றைச் சொல்லும் வாக்கியம் அது. எதிர்காலமே இல்லை.

'ஹி வில் ஹேவ் கம்' என்பதற்கு நேராக 'அவர் வந்திருப்பார்'. தமிழில் 'வந்திருப்பார்' என்றால் ஊகம். 'இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பான்' என்று நாம் சொல்வதற்குப் பொதுவான ஆங்கிலம் 'ஹி மஸ்ட் ஹேவ் ரீச்ட் ஹோம் பை நவ்'. அது பன்னிரண்டு கட்டத்தில் எதிலும் வராது, 'மஸ்ட் என்றால் கட்டாயம்' என்று வேறு பாடத்தில் கிடக்கும். தினம் பத்துத் தடவை நாம் சொல்லும் 'ருப்பான், ருப்பாங்க'வுக்கு ஆங்கிலம் தேடுகிறவர் இந்தப் புத்தகத்தில் கண்டுபிடிக்கவே முடியாது. ஆங்கிலத்தின் வரிசைப்படி அடுக்கிய அலமாரியில் தமிழ்ப் பெயர் சொல்லித் தேடுகிற கதை.

அட்டவணை உருவாக்கும் பிழைகளைவிட, அது கண்டுகொள்ளாமல் விடும் பிழைகள் முக்கியம். 'நேத்து கடலூர் போயிருந்தேன்' என்கிறோம். படித்தவர்களும் ஆங்கிலத்தில் 'ஐ ஹேட் கான் டு கடலூர் எஸ்டர்டே' என்கிறார்கள். அலுவலகங்களில் தினம் கேட்கிறேன். அட்டவணைப்படி ஹேட் கான் என்றால் 'போயிருந்தேன்', அதனால் அவர்களைப் பொறுத்தவரை தப்பே இல்லை. ஆனால் தமிழ்ப் 'போயிருந்தேன்' சொல்வது, போனேன், திரும்பியும் வந்துவிட்டேன் என்று. ஆங்கில 'ஹேட் கான்' சொல்வது, கடந்தகாலத்தில் இன்னொன்று நடப்பதற்கு முன்பே போய்விட்டேன் என்று. கேட்கிற வெள்ளைக்காரர் அந்த இன்னொன்றுக்காகக் காத்திருப்பார். 'ஐ வென்ட் டு கடலூர் எஸ்டர்டே' போதும். திரும்பி வந்துவிட்டேன் என்பது எதிரில் நிற்பதிலேயே தெரிகிறதே.

நல்ல பொருத்தங்களும் இருக்கின்றன, அவற்றையும் இந்தப் புத்தகங்கள் தவறவிடுகின்றன. 'தஞ்சாவூர் போயிருக்கீங்களா?' என்பது 'ஹேவ் யூ பீன் டு தஞ்சாவூர்?' 'சாப்பிட்டாச்சா?' என்பது 'ஹேவ் யூ ஈட்டன்?' ப்ரெஸன்ட் பெர்ஃபெக்ட் என்றதும் 'சற்றுமுன் முடிந்த செயல்' என்று ஒப்பிக்க வைக்காமல், 'ருக்கீங்களா', 'ஆச்சா' என்ற இரண்டையும் காட்டினால் எட்டாம் வகுப்புப் பையனுக்குக்கூடப் பிடிபடும்.

எங்கள் ஊரில் பார்க்கக் கிடைக்கும் ஒரு காட்சி இந்த விஷயத்தை இன்னும் தெளிவாக்கும். விடுதிக்கு வரும் பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழிதான். அவர் 'ஐ ஹேவ் ஸீன் ஹிம் எஸ்டர்டே' என்பார். பிரெஞ்சில் பேச்சு வழக்கில் இறந்தகாலத்தையே 'ஹேவ்' போட்டுத்தான் சொல்கிறார்கள், அதன் நிழல் இது. நம்மவர் 'ஐ ஹேட் ஸீன்' என்பார். இருவருக்கும் பிழை ஒரே இடத்தில், காரணம் வேறு வேறு. 'பத்து வருஷமா இங்கதான் இருக்கேன்' என்பதை நம்மவர் 'ஐ ஆம் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்' என்கிறார். பிரெஞ்சுக்காரரும் அட்சரம் பிசகாமல் அதையேதான் சொல்கிறார், ஏனென்றால் அவர் மொழியிலும் இது நிகழ்காலம். இருவரும் ஒருவரை ஒருவர் முழுசாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆங்கிலம் மட்டும்தான் 'ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்று அடம் பிடிக்கிறது. வாக்கியத்தின் முடிவில் 'இஸின்ட் இட்?' என்று எல்லாவற்றுக்கும் ஒட்டுவதும் அப்படித்தான். நமக்கு 'இல்லையா', அவர்களுக்கு 'நெஸ் பா'. இரண்டும் எந்த வாக்கியத்துக்குப் பின்னாலும் மாறாமல் நிற்கும்.

பிழை எங்கே வரும் என்பது பெரும்பாலும் கிளம்பிய ஊரைப் பொறுத்தது. எல்லாருக்கும் ஒரே பாதையைக் காட்டும் புத்தகம் யாருக்கும் பள்ளத்தைக் காட்டுவதில்லை.

'யெஸ்' என்றால் ஆமா இல்லை

இது என் வேலையில் தினம் பார்ப்பது. வெளிநாட்டு வாடிக்கையாளர் போனில் கேட்கிறார்: 'டிடின்ட் யூ கெட் மை மெயில்?' நம் பையன் சொல்கிறான்: 'யெஸ்.' அவர் மெயில் கிடைத்துவிட்டது என்று நினைத்து அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். இவன் சொன்னது 'ஆமாங்க, வரலை'. ரெண்டு நாள் கழித்து இரண்டு பக்கமும் சூடு.

தமிழில் 'ஆமா' என்பது கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்வது. ஆங்கில 'யெஸ்' கேட்டவரைப் பார்ப்பதில்லை, நடந்ததைத்தான் பார்க்கிறது. நடந்திருந்தால் யெஸ், நடக்காவிட்டால் நோ, கேள்வி எப்படி வந்தாலும் சரி. ஜப்பானியர்களும் நம்மைப் போலத்தான் பதில் சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் எதிர்மறைக் கேள்வியை மறுக்க 'ஸி' என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறார்கள். நம் பையனுக்கான மருந்து ரொம்ப எளிது: ஒற்றைச் சொல்லில் நிறுத்தாதே. 'நோ, ஐ டிடின்ட்' என்று முழுசாகச் சொல். முப்பது நாளில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாம். நான் பார்த்த எதிலும் ஒரு வரிகூட இல்லை.

மறுபக்கம்

இந்தப் புத்தகங்களுக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். இவற்றை ஏளனம் செய்பவர்கள் அநேகமாக இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்கள். வகுப்பில் எழுந்து நின்று தப்பாகப் பேசிச் சிரிப்புக்கு ஆளானவருக்கு, யாரும் பார்க்காமல் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் படிக்க ஒரு புத்தகம் இருந்தது. அது சிரிக்கவில்லை. ஒரு சாப்பாட்டு விலையில் கிடைத்தது. சொற்களையும் எழுதும் தைரியத்தையும் அது கொடுத்திருக்கிறது.

இரண்டாவது, எல்லாப் பிழைக்கும் தாய்மொழி காரணம் இல்லை. 1957இல் ராபர்ட் லாடோ இரண்டு மொழிகளை ஒப்பிட்டாலே எங்கே கஷ்டம் என்று சொல்லிவிடலாம் என்று எழுதினார். பத்து வருஷத்தில் பிட் கார்டர் என்பவர், படிக்கிறவர் தானே மனதில் ஒரு இலக்கணத்தைக் கட்டிப் பார்க்கிறார், பிழை அந்தக் கட்டுமானத்தின் தடயம் என்று வாதிட்டார். 'ஹி கோ' என்று கடைசி 'ஸ்' விட்டுப்போவது தமிழருக்கு மட்டும் உரிய வியாதி இல்லை, பல மொழிக்காரர்களும் செய்வது. ஆகவே ஒப்பீடு சர்வரோக நிவாரணி ஆகாது.

மூன்றாவது, இலக்கணமே வேண்டாம் என்ற கட்சியும் உண்டு. அதன் முக்கியமான சோதனை தென்னிந்தியாவில்தான் நடந்தது. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு நடத்திய பெங்களூர் திட்டம். பிள்ளைகளுக்கு விதியைச் சொல்லாமல், ரயில் கால அட்டவணையைக் கொடுத்து எந்த வண்டியில் போனால் நேரத்துக்குச் சேரலாம் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். மொழி தானாக ஒட்டிக்கொள்ளும் என்பது யோசனை. இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் செயல்வழி மொழிக்கல்விக்கு அது ஒரு முன்னோடி. எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அதற்கு வகுப்பறை வேண்டும், ஆசிரியர் வேண்டும், கூடப் பேச ஆள் வேண்டும். தனியாக உட்கார்ந்து புத்தகத்தை மட்டும் வைத்துப் படிப்பவருக்கு அவர் கையில் இருக்கும் ஒரே முதலீடு அவருடைய தமிழ். அதைப் பயன்படுத்தாத புத்தகம் அவரை வெறுங்கையோடு அனுப்புகிறது.

இப்போது புத்தகத்தின் இடத்தை யூடியூப் பிடித்துவிட்டது. திறந்து பார்த்தால் வெள்ளைப் பலகையில் அதே பன்னிரண்டு காலங்கள். இங்கே அரசுப் பள்ளிகள் 2023-24 கல்வியாண்டில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. பிள்ளைகளோடு சேர்ந்து பெற்றோருக்கும் ஆங்கிலப் பயம் கூடியிருக்கிறது. இந்தப் புத்தகங்களுக்கான தேவை குறையப்போவதில்லை.

ஒரு பாடம் எப்படி இருக்கலாம்

குறை மட்டும் சொல்வது சுலபம். நான் எழுதினால் முதல் நாள் பாடம் ஐ, வீ, யூ ஆக இருக்காது. தமிழ் வாக்கியத்தின் வால்களாக இருக்கும். இடது பக்கம் பேச்சுத் தமிழ், வலது பக்கம் பேச்சு ஆங்கிலம்:

'கொஞ்சம் இருங்க' – 'ஜஸ்ட் எ மினிட், ப்ளீஸ்'. 'கொஞ்ச'த்தை 'லிட்டில்' என்று பெயர்க்கக் கூடாது என்று கீழே ஒரு குறிப்பு.

'சொல்லுங்க' (போனில்) – 'யெஸ், ஹலோ'. நேரில், கடையில் என்றால் 'ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ?'. 'டெல் மீ' வேண்டாம்.

'என்னங்க வேணும்?' – 'வாட் வுட் யூ லைக்?'

'போயிட்டு வரேன்' – 'ஸீ யூ'. 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று நம் ஊருக்குள் சொன்னால் புரியும், வெளியே குழப்பம். 'போறேன்' என்று சொல்லக் கூடாது என்ற நம் மனசுக்கு 'குட் பை'யைவிட 'ஸீ யூ' நெருக்கம், அதில் மறுபடி பார்ப்போம் என்று இருக்கிறது.

'வரேன்' என்பதில் நாளைக்கும் சேர்த்தி – 'ஐ'ல் கம்'. நாம் நிகழ்காலத்தில் சொன்னாலும் ஆங்கிலத்தில் 'வில்' வேண்டும்.

இப்படி ஒரு நாளைக்குப் பத்து வால் என்று எடுத்தாலும் ஒரு மாதத்தில் நாம் வீட்டில் பேசும் பேச்சில் பெரும்பகுதி வந்துவிடும். பன்னிரண்டு காலங்களின் அட்டவணையை எடுத்துப் போட வேண்டாம், கடைசிப் பக்கத்தில் பின்னிணைப்பாக இருக்கட்டும். எழுதும்போது பயன்படும்.

என் பட்டியலில் இப்போது அறுபத்துச் சொச்சம் வால்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு ஒரு ஆங்கிலம் கிடைத்துவிட்டது. சில அசைய மறுக்கின்றன. 'நீங்க வீட்டுல எத்தனாவது பிள்ளை?' என்று தமிழில் ஒரே மூச்சில் கேட்டுவிடுகிறோம். இதற்குச் சுருக்கமான, யாரும் முகம் சுளிக்காத ஆங்கிலம் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம். ஆங்கிலப் பேராசிரியர்கள் இருவரிடம் கேட்டேன். இருவரும் யோசித்துவிட்டு, அதை அப்படி யாரும் கேட்க மாட்டார்கள் என்றார்கள். நம் ஊரில் அறிமுகமானதும் முதலில் கேட்பதே அதுதான்.